சிரிக்கச் சொன்ன வகுப்பு

போன மாதம் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை வாசலில், ஒரு லைன் லீடரோடு பேசிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயது இருக்கும். பக்கத்துச் சிப்காட்டில் ஏதோ ஒரு உதிரிபாகக் கம்பெனி. அவருக்குக் கீழே இருபத்தேழு பேர். பாதிக்கு மேல் காண்ட்ராக்ட், கொஞ்சம் ட்ரெய்னி, நாலைந்து பேர்தான் நிரந்தரம். கம்பெனியில் அவரை ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பின் சாரம் இதுதான்: தலைவரின் உணர்ச்சி அணிக்குத் தொற்றும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது முதல் பத்து நிமிஷம் புன்னகையோடு இருங்கள். அது இருபத்தேழு பேருக்கும் பரவும், உற்பத்தி தானாக ஏறும். சென்னையிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர் இதைச் சொல்லிவிட்டு, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"சிரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"சிரிச்சேன் சார். ரெண்டு நாள். மூணாவது நாள் ஒரு பையன் தனியா வந்து, 'அண்ணே, வேற கம்பெனிக்குப் போறீங்களா? பேப்பர் போட்டுட்டீங்களா?'ன்னு கேட்டான்."

அதோடு சிரிப்பை நிறுத்திவிட்டாராம்.

இந்த வகுப்புகளுக்கெல்லாம் மூலப் புத்தகம் எது என்று எனக்குத் தெரியும். டேனியல் கோல்மேன் 1995-ல் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' எழுதி உலகத்தையே அந்த வார்த்தையை உச்சரிக்க வைத்தார். பிறகு 2002-ல் ரிச்சர்ட் போயாட்ஸிஸ், ஆனி மெக்கீ என்ற இருவரோடு சேர்ந்து 'பிரைமல் லீடர்ஷிப்' எழுதினார். தலைவனின் முதல் வேலை உத்தி வகுப்பதோ லாபம் பார்ப்பதோ அல்ல, தன்னைச் சுற்றியிருப்பவர்களிடம் நல்ல உணர்ச்சியைக் கிளப்புவதுதான் என்பது புத்தகத்தின் வாதம். மூளையின் உணர்ச்சிப் பகுதி, மூடிய பெட்டி அல்ல. பக்கத்தில் இருப்பவரின் உணர்ச்சி அதற்குள் நுழைந்து நம் மனநிலையை மாற்றும். தலைவனை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பதால் அவனுடைய உணர்ச்சிக்கு வீச்சு அதிகம். புத்தகம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பயிற்சி அறைகளில் இதன் சாறு பிழிந்து கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சாறு தப்பு என்று சொல்லமாட்டேன். சிகல் பார்சாட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2002-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாக உட்கார வைத்து, ஊழியர்களுக்கு போனஸ் பணத்தைப் பங்கிடும் மேனேஜர்களைப் போல நடிக்கச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மட்டும் பயிற்சி பெற்ற நடிகர். அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் சில குழுக்களில் உற்சாகமாகவும், சிலவற்றில் எரிந்து விழுந்துகொண்டும், சிலவற்றில் சோர்ந்துபோயும் நடித்தார். அவர் எப்படியோ குழுவும் அப்படி. உற்சாகம் தொற்றிய குழுக்களில் சண்டை குறைவு, ஒத்துழைப்பு அதிகம். தங்களுக்கு ஏதோ தொற்றிவிட்டது என்பதே மாணவர்களுக்குத் தெரியவில்லை.

இதற்கு அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் - பெயர் வேண்டாம் - அட்டெண்டர் ஒருவர் இருந்தார். காலையில் மேனேஜர் காரின் கதவு சாத்தப்படும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "இன்னிக்கு லீவு லெட்டர் எதுவும் உள்ள அனுப்பாதீங்க" என்று சொல்லிவிடுவார். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. பத்தரை மணிக்குள் நாங்கள் பதினாறு பேரும் அந்தக் கதவுச் சத்தத்தின் வெவ்வேறு பிரதிகளாக மாறிவிட்டிருப்போம்.

ஆக, தொற்றுகிறது. சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. அந்த மேனேஜருக்கு அது எங்கிருந்து தொற்றியது?

இதைத்தான் புத்தகம் போதுமான அளவு கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தலைவனின் உணர்ச்சி அவன் நெஞ்சுக்குள் ஊறுகிற ஊற்று மாதிரியும், அவன் தியானமோ மூச்சுப் பயிற்சியோ செய்து அதைச் சுத்தப்படுத்திக்கொள்ளலாம் என்பது மாதிரியும் ஒரு எண்ணம் பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது. நம் லைன் லீடரின் கோபம் அப்படி ஊறியதல்ல. அதற்குக் கணக்கு இருக்கிறது. எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ போக 450 நிமிஷம் என்று வையுங்கள். 27,000 விநாடி. டார்கெட் 900 பீஸ் என்றால் முப்பது விநாடிக்கு ஒன்று. இதற்கு 'டாக்ட் டைம்' என்று பெயர். ஒரு இயந்திரம் ஐந்து நிமிஷம் மக்கர் பண்ணினால் பத்து பீஸ் போச்சு. அந்தப் பத்து பீஸுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் போன் பண்ணுவார். அவருக்கு ப்ளான்ட் மேனேஜர். அவருக்கு வாடிக்கையாளர் கம்பெனி. மேலே நாலு பேரிடம் மாறி மாறிச் சூடேறி வருகிற ஒன்றை, கடைசியில் நின்று இருபத்தேழு பேர்மேல் ஊற்றுகிறவர்தான் லைன் லீடர். அவரைப் பார்த்து 'உங்கள் உணர்ச்சியை நிர்வகியுங்கள்' என்பது, குழாயைப் பார்த்துத் தண்ணீரை நீயே ஆறவைத்துக்கொள் என்பது போலத்தான்.

ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-லேயே 'தி மேனேஜ்ட் ஹார்ட்' என்ற புத்தகத்தில் இதை எழுதிவிட்டார். விமானப் பணிப்பெண்களைப் பற்றிய புத்தகம் என்றே அது பிரபலம். சிரிப்பது அவர்கள் சம்பளத்தின் ஒரு பகுதி. ஆனால் அதில் இன்னொரு தரப்பும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை: பாக்கி வசூலிக்கிறவர்கள். அவர்களுக்குக் கடுகடுப்பும் சந்தேகமும்தான் சம்பளத்தின் பகுதி. இரக்கம் வந்தால் வேலை கெட்டது. நம் ஊர் லைன் லீடர் இதில் இரண்டாவது ஜாதி. வேலைக்கு எடுத்தது கடுகடுப்புக்கு. வகுப்புக்கு அனுப்புவது சிரிப்புக்கு. பாவம், அந்தப் பையன் குழம்பியதில் என்ன தப்பு?

சரி, டீக்கடைக்கு வருவோம். அவருடைய லைனில் ஒரு போர்டு உண்டாம். மணிக்கு மணி எத்தனை பீஸ் வந்தது என்று மார்க்கரில் எழுத வேண்டும்.

"உள்ளதை உள்ளபடி எழுதுவீங்களா?"

"அது எப்படி சார்? முன்னாடி மணியில அஞ்சு கூட வந்திருந்தா அத ஒளிச்சு வச்சிருந்து, கொறஞ்ச மணியில போடுவோம். போர்டு நேரா இருக்கணும். கோணலா இருந்தா ஆள் வந்து நிப்பாங்க."

"நின்னா நல்லதுதானே? என்ன பிரச்னைன்னு பாப்பாங்க இல்ல?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். "யார் பிரச்னைன்னு பாப்பாங்க சார்."

இந்த ஒரு பதிலைக் கேட்டபோது எனக்கு நோக்கியா ஞாபகம் வந்தது. சும்மா வரவில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை இருந்த இடம் வரும். 2006 ஜனவரியில் அங்கே உற்பத்தி தொடங்கியபோது சுற்று வட்டாரத்தில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. பிளஸ் டூ முடித்த பெண்கள் சுடிதார்மேல் நீல நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஒரு கட்டத்தில் நேரடி ஊழியர்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில். உலகிலேயே அதிகம் போன் செய்த ஆலைகளில் ஒன்று. 2014 நவம்பர் 1-ம் தேதி மூடிவிட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டால் வரித் தகராறு என்பார்கள். உண்மைதான். 2013-ல் வருமான வரித்துறை இரண்டாயிரம் கோடிக்கு மேல் கேட்டது. சொத்துகள் முடக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உலகின் முதல் நம்பர் போன் கம்பெனி, தன் போன் தொழிலையே விற்கும் நிலைக்கு எப்படி வந்தது?

இதற்குத் திமோ வுவோரி, க்வீ ஹுய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பதில் எழுதினார்கள். 2016-ல் வெளியானது. நோக்கியாவின் மேல்மட்டம், நடுமட்டம், பொறியாளர்கள் என்று 76 பேரிடம் பேட்டி எடுத்து, 2005-லிருந்து 2010 வரை உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தார்கள். அங்கே புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. ஐபோன் 2007-ல் வந்தபோது அதன் ஆபத்தும் புரிந்தே இருந்தது. ஆனால் கம்பெனிக்குள் இரண்டு விதமான பயம் ஓடியது. மேலே இருந்தவர்களுக்கு வெளியே பயம்: போட்டியாளர், பங்குதாரர், காலாண்டுக் கணக்கு. நடுவில் இருந்தவர்களுக்கு உள்ளே பயம்: மேலே இருந்தவர்கள். மேலதிகாரிகளில் சிலர் கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்துகிறவர்களாக இருந்தார்கள் என்று பேட்டி கொடுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். விளைவு, மென்பொருள் தயாராகவில்லை என்ற செய்தி மேலே போகவில்லை. 'ஆறு மாசத்துல முடிச்சிடலாம்' என்றவனுக்கு மரியாதை. 'முடியாது' என்றவன் திறமை இல்லாதவன், ஊக்கம் இல்லாதவன். நல்ல செய்தி மட்டுமே மேலே வர, மேலே இருந்தவர்கள் இன்னும் அதிகம் கேட்டார்கள். இவர்கள் இன்னும் அதிகம் ஒத்துக்கொண்டார்கள்.

நம் லைன் லீடரின் போர்டுதான் இது. ஃபின்லாந்தில், இன்னும் பெரிய அளவில்.

அந்த ஆய்வில் ஸ்ரீபெரும்புதூர் கிடையாது. ஆய்வாளர்கள் இங்கே வரவும் இல்லை. ஆனால் ஃபின்லாந்தில் ஒரு மீட்டிங் அறையில் யாரோ கத்தியதற்கும், யாரோ பயந்து பொய் சொன்னதற்கும், வாலாஜாபாத் பக்கத்து கிராமத்துப் பெண் ஒருத்தி இருபத்தாறு வயதில் விருப்ப ஓய்வுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. நேர்கோடு என்று சொல்ல மாட்டேன். வரித் தகராறு அதில் பாதி வழியில் வந்து சேர்ந்துகொண்டது. விருப்ப ஓய்வு என்ற சொல்லில் 'விருப்பம்' எப்படி நுழைந்தது என்று தமிழறிஞர் யாராவது விளக்கினால் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

ஆக, தலைவரின் உணர்ச்சி கீழே தொற்றுகிறது என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, அது மேலே வருகிற செய்தியை என்ன செய்கிறது என்பது. கோபக்காரத் தலைவனிடம் வேலை பார்ப்பவன் மனம் வாடி உற்பத்தி குறைகிறது என்றால்கூடப் பரவாயில்லை, அது கண்ணுக்குத் தெரியும். அவன் பொய் சொல்ல ஆரம்பிக்கிறான், அது தெரியாது. போர்டு நேராகவே இருக்கும்.

ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை, நல்ல ஒற்றுமை உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கைப் பார்த்தால் தலைகீழ். நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஆளே குழம்பிப்போனார். பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை. நடந்ததை பயமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். மற்ற வார்டுகளில் ஹெட் நர்ஸுக்குப் பயந்து மூடி மறைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனியிலாவது 'எங்களிடம் புகாரே இல்லை' என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு இந்த வார்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

நம் வள்ளுவர் அரசனுக்கு எழுதியதில் 'வெருவந்த செய்யாமை' என்று முழு அதிகாரமே இருக்கிறது. குடிமக்கள் நடுங்கும்படி எதையும் செய்யாதே என்பது விஷயம். இறைமாட்சியில், காதுக்குக் கசக்கிற பேச்சையும் பொறுத்துக்கொள்கிற குணத்தை அரசனுக்கு வைக்கிறார். பெருமை பேசி என்ன பிரயோஜனம், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு சரி.

கத்துவதை மட்டுமே உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசாமல் இருப்பதும் தொற்றும். இதற்குச் சுங்குவார்சத்திரத்திலேயே ஒரு ராத்திரி சாட்சி.

2021 டிசம்பர். ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் ஃபாக்ஸ்கான் ஆலையில் அப்போது சுமார் 17,000 பேர், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் வெளி மாவட்டம். காண்ட்ராக்டர்கள் எடுத்து நடத்திய விடுதிகளில் தங்கியிருந்தார்கள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி இருநூற்றைம்பது பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில். விடுதிகள் எப்படி இருந்தன என்று பிறகு அந்தப் பெண்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள்: தரையில் படுக்கை, அறைக்கு ஆறு பேரிலிருந்து முப்பது பேர் வரை, சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் இல்லை.

இதெல்லாம் பல மாதமாக இருந்ததுதான். அன்றைக்கு அவர்களைச் சாலைக்கு இழுத்தது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதற்குத் தெளிவான பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்தது. சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியது. 17-ம் தேதி ராத்திரி சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. மார்கழிப் பனியில், எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். மாவட்ட ஆட்சியர் வந்தார், போலீஸ் அதிகாரிகள் வந்தார்கள், யாரும் சாகவில்லை என்றார்கள். அது உண்மை. யாரும் சாகவில்லை. ஆனால் உண்மையை நம்ப வைக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பயிற்சி வகுப்புக்காரரைக் கூப்பிட்டு நிறுத்த ஆசைப்படுகிறேன். பதினேழாயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில், 'இன்னார் நன்றாக இருக்கிறார்' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பெண்கள் நம்பக்கூடிய ஒரு மேலதிகாரி இருந்திருந்தால், அந்தச் சாலை மறியல் அத்தனை நேரம் நடந்திருக்குமா? அவர் சிரித்த முகமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிடுமூஞ்சியாகக்கூட இருக்கட்டும். முன்பு எப்போதாவது தண்ணீர் வரவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்லி, மறுநாள் தண்ணீர் வந்திருந்தால் போதும். நம்பிக்கை என்பது அப்படித்தான் சேருகிறது, சில்லறை சில்லறையாக. விடுதி ஒரு காண்ட்ராக்டர், சாப்பாடு இன்னொருவர், ஆள் எடுத்தது மூன்றாமவர் என்று இருந்ததில், அந்தப் பெண்களுக்கு 'என் மேலதிகாரி' என்று சொல்ல ஒரு முகமே இல்லை. முகமே இல்லாத இடத்தில் எந்த முகபாவத்தைப் பற்றி வகுப்பு எடுப்பது?

ஆலை 18-ம் தேதி மூடப்பட்டது. அந்த மாதக் கடைசியில் ஆப்பிள், விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஒப்புக்கொண்டு ஃபாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஃபாக்ஸ்கான் உள்ளூர் நிர்வாகக் குழுவை மாற்றி அமைப்பதாகச் சொன்னது. மூடியிருந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 12-ல் சில நூறு பேரோடு ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதல்வர் திறந்து வைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவரே தைவானிலிருந்து விழாவுக்கு வந்தார். படுக்கை கிடைத்தது, நல்லது. அதற்கு ஒரு ராத்திரி நெடுஞ்சாலை மறிக்க வேண்டியிருந்தது.

இனி சாம்சங். இது சமீபத்தில் நடந்ததால் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. செய்கிறார்கள். சுமார் 1,800 நிரந்தரத் தொழிலாளர்கள். 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் 15 வரை, 37 நாள் நடந்தது. சி.ஐ.டி.யு. சங்கம். ஊதிய உயர்வு, வேலை நேரம் என்று பல கோரிக்கைகள். முதன்மையானது, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும்.

கம்பெனி தரப்பையும் கேட்டுக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் இதே மாதிரி வேலை செய்பவர்களின் சராசரியைப்போல 1.8 மடங்கு சம்பளம் தருகிறோம் என்றார்கள். தொழிலாளர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றார்கள். அக்டோபர் 7-ம் தேதி அமைச்சர்கள் முன்னிலையில், சங்கம் அல்லாத ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடும் ஆனது. மாதம் 5,000 ரூபாய் சிறப்புத் தொகை, கூடுதலாக ஏசி பஸ். பயிற்சிப் புத்தகங்களின்படி இத்தோடு முடிந்திருக்க வேண்டும். பணம் வந்தது, வசதி வந்தது, மேலிடம் இறங்கி வந்தது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. இன்னும் எட்டு நாள் உட்கார்ந்தார்கள். அதற்கு நடுவில் போலீஸ் பந்தலைப் பிரித்தது, பலரைக் கைது செய்தது. வெறும் தரையிலும் உட்கார்ந்தார்கள்.

எதற்கு? பெயருக்கு. சங்கத்தின் பெயர் 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்'. அந்தப் பெயரில் சாம்சங் என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்று கம்பெனி ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் அதே பெயரில் பதிவானது.

சட்டத்தை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு நிமிஷம் அந்தத் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். சட்டையில் சாம்சங். கழுத்தில் தொங்கும் அட்டையில் சாம்சங். பஸ்ஸில் சாம்சங். பெண் பார்க்கப் போனால் 'பையன் சாம்சங்ல இருக்கான்' என்றுதான் தரகர் பேச்சையே ஆரம்பிப்பார். பத்து, பதினைந்து வருஷம் இப்படி அந்தப் பெயரைச் சுமந்த பிறகு, 'நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லாதே' என்றால் எப்படி இருக்கும்? வேலைநிறுத்தப் பந்தலில் கம்பெனிச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கம்பெனியை வெறுத்தவர்கள் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். இது வெறுப்பில்லை. 'நானும் இந்தக் கம்பெனிதானே?' என்ற கேள்வி. இப்போது மனிதவளத் துறைகள் 'எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்' என்று எதைத் தேடி லட்சக்கணக்கில் செலவு செய்கின்றனவோ, அந்த ஒட்டுதல் பந்தலில் இலவசமாக உட்கார்ந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த 'என்கேஜ்மென்ட்' என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் கான், 1990-ல். ஒரு கோடைக்கால முகாமின் பயிற்சியாளர்களையும் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தின் ஊழியர்களையும் கவனித்து எழுதினார். ஒரு மனிதன் தன்னை முழுசாக வேலைக்குள் கொண்டுவர மூன்று விஷயம் வேண்டும் என்றார்: வேலையில் அர்த்தம் இருக்க வேண்டும், உடம்பிலும் மனதிலும் தெம்பு இருக்க வேண்டும், வாயைத் திறந்தால் தலை போகாது என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும். இன்றைக்கு இதை ஐந்து நட்சத்திரக் கேள்வித்தாளாக்கி, வருஷத்துக்கு ஒரு முறை செல்போனில் அனுப்பி, வந்த மதிப்பெண்ணை ஸ்லைடில் போடுகிறார்கள். மூன்றாவது விஷயம் இல்லாத இடத்தில், அந்த மதிப்பெண்ணே லைன் லீடரின் போர்டு மாதிரிதான்.

சாம்சங் கதையில் தலைவர் ஒருவரின் உணர்ச்சி நேரடியாக வருகிற இடம் ஒன்று உண்டு. நிறுவனர் காலத்திலிருந்து கொரியாவில் சங்கம் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. 2020 மே 6-ம் தேதி, நிறுவனரின் பேரன் லீ ஜே-யோங் தொலைக்காட்சி கேமராக்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, இனி அந்தப் பேச்சே இருக்காது என்றார். உலகம் முழுக்க ஒளிபரப்பானது. கொரியர்கள் குனிவதில் ஒரு கணக்கு உண்டு, அது பெரிய குனிவு. நான்கு வருஷம் கழித்து சுங்குவார்சத்திரத்தில் 37 நாள். சியோலில் குனிந்த தலை இங்கே வந்து சேர ஏன் இத்தனை தாமதம் என்று கோல்மேன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலிடத்தின் உணர்ச்சி மின்சாரம் மாதிரி கீழே பாயும் என்றல்லவா சொன்னார்கள்? கோபம் பாய்கிற வேகத்தில் மன்னிப்பு பாய்வதில்லை போலிருக்கிறது. கோபத்தைக் கீழே கொண்டுபோக டார்கெட் ஷீட் இருக்கிறது, மீட்டிங் இருக்கிறது, மணிக்கு மணி போன் இருக்கிறது. மற்றதற்கு அப்படி ஒரு ஏற்பாட்டை யாரும் செய்து வைக்கவில்லை.

கோல்மேனுக்கு நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். 'பிரைமல் லீடர்ஷிப்'பிலேயே ஒரு பகுதி, தலைவர்களைச் சுற்றி உருவாகும் தகவல் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுகிறது. மேலே போகப் போகக் கெட்ட செய்தியை யாரும் சொல்வதில்லை, அது தலைமை நிர்வாகிகளுக்கு வருகிற வியாதி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நல்ல பகுதி. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து மறுபடி தலைவனின் சுய பரிசோதனைக்கே போய் நிற்கிறது: அவனே மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கேட்காவிட்டால்? கேட்டும் பிடிக்காவிட்டால்? கீழே இருப்பவன் தன் கையால் பிடித்து இழுக்கக் கூடிய ஒரு கயிறு வேண்டாமா? டொயோட்டா ஆலைகளில் நிஜமாகவே அப்படி ஒரு கயிறு இருந்தது. தொழிலாளி தப்பு ஒன்றைப் பார்த்தால் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இது யாருடைய நல்ல மனநிலையையும் நம்பி இல்லை. லீடர் அன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் விளக்கு எரிந்தால் வந்தாக வேண்டும்.

'அப்போ எல்லாத்துக்கும் யூனியன்தான் மருந்தா?' என்று என் நண்பர், ஒரகடத்தில் மனிதவளத் துறையில் இருக்கிறவர், இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணுவார். எல்லாவற்றுக்கும் என்று சொல்லவில்லை. சங்கத் தலைவர்களிலும் கதவைச் சாத்தும் சத்தத்தில் மனநிலையைக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் கயிறு வேண்டும். அது சங்கமோ, கமிட்டியோ, இழுத்தவன் கையை யாரும் முறிக்கக் கூடாது. சுங்குவார்சத்திரத்தில் 2025 பிப்ரவரியில் சங்கப் பொறுப்பாளர்கள் சிலர் சஸ்பெண்ட் ஆகி, தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து மறுபடி ஒரு மாதம் இழுபறி ஆனதை வைத்துப் பார்த்தால், கயிறு கட்டியதோடு வேலை முடியவில்லை என்று தெரிகிறது. அதே வருஷம் மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டிய பிறகு இழுக்கப் பழக வேண்டும், இழுத்தால் வரப் பழக வேண்டும். இரண்டு பக்கமும் புதுசு.

லைன் லீடருக்கு பஸ் வந்துவிட்டது. கிளம்பும்போது வகுப்பைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொன்னார். சாயந்திரம் ஒரு ஃபாரம் கொடுத்தார்களாம். பயிற்சி எப்படி இருந்தது என்று ஐந்து முகங்கள், உம்மணாமூஞ்சியிலிருந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முகம் வரை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

"எதுல அடிச்சீங்க?"

"கடைசி முகத்துலதான் சார்."

"பிடிச்சிருந்ததா?"

"மேல எம்ப்ளாயி நம்பர் எழுதச் சொன்னாங்க சார்."

படியில் தொற்றி ஏறிவிட்டார்.